ஜோடிப் பள்ளிக்கூடம்

வீட்டில் கெசியாவின் வாயை மூட ஆள் கிடையாது. குக்கர் எத்தனை விசில் விட்டது என்பதில் தொடங்கி, எதிர் வீட்டுப் பூனை யாரோடு சண்டை போட்டது என்பது வரை எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டுத்தான் தூங்குவாள். அப்படிப்பட்ட பெண், பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. சேர்ந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்று பாரதி மிஸ் சொன்னபோது அவள் அம்மா ஃபீபிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

"வேற பிள்ளையைச் சொல்றீங்களா மிஸ்? இவ கெசியா. ரெட்டை சடை போட்டிருப்பாளே..."

"அதே ரெட்டை சடைதாங்க" என்றாள் பாரதி மிஸ். "எழுதச் சொன்னா எழுதறா. பெட்டியை எடுத்து வைன்னா வைக்கறா. பேரைக் கேட்டா மட்டும் என்னைப் பாத்துக்கிட்டே நிக்கறா. ஒண்ணுக்குப் போறதுக்குக்கூட விரலைத்தான் காட்டறா. காலாண்டு லீவு முடிஞ்சதும் ஓரல் டெஸ்ட் இருக்கு. அதுலயும் வாயைத் திறக்கலைன்னா ப்ரீ-கேஜியில கொண்டுபோய் உக்கார வைன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிட்டாங்க."

ஃபீபியின் சிரிப்பு நின்றுவிட்டது. ப்ரீ-கேஜி என்றால் மூன்று வயதுக் குழந்தைகள். பாதிப் பேர் ஜட்டியை நனைத்துக்கொண்டு அழுகிற வகுப்பு. ஏ முதல் இசட் வரை எழுதத் தெரிந்த பிள்ளையை அங்கே இறக்கினால், அப்புறம் அது வாயைத் திறக்கவே திறக்காது.

"அடிச்சு கிடிச்சுடாதீங்க" என்றாள் மிஸ், அவள் முகத்தைப் பார்த்து. "லீவுல வீட்டுல ஸ்கூல் விளையாட்டு விளையாட விடுங்க. அவளை மிஸ்ஸா நிக்க வைங்க. அதுக்குன்னு செட்டே கடையில விக்குது. வேலூர்ல கிடைக்கும்."

ஃபீபியும் அவள் கணவன் ரெனால்டும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அவன் தோல் வெட்டும் பிரிவில்; அவள் வெட்டி வரும் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் லைனில். இருவரும் வேலைக்குப் போயிருக்கும்போது கெசியாவைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டு முனவ்வர் பேகம். அந்த அம்மாளுக்கு வஜீதா என்று ஆறு வயதில் ஒரு மகள். உருது பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படித்தாள். இரண்டு பிள்ளைகளும் சேர்ந்தால் பொம்மைக்குக் கை போகும், இல்லையென்றால் கால் போகும்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு, டி.வி.எஸ். 50-ல் ஏறி இருவரும் வேலூர் போனார்கள். கடைக்காரர் அந்த விளையாட்டுப் பள்ளி செட்டை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். அட்டைப்பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் பலகை, பிளாஸ்டிக் மணி, குட்டிப் பை. ரெனால்ட் பையை மட்டும் கையில் எடுத்தான். வாரை இழுத்தான். தையலை நகத்தால் நெருடினான். உள்ளே விரலை விட்டுத் திருப்பிப் பார்த்தான்.

"வாங்கற ஆளா, செக்கிங் பண்ற ஆளா சார் நீங்க?" என்றார் கடைக்காரர்.

"இது ஒரு வாரம் தாங்காதுங்க. ஒட்டி வச்சிருக்காங்க. தையலே இல்ல."

வெளியே வந்ததும் ஃபீபி பொரிந்து தள்ளினாள். "விளையாட்டுச் சாமான்தானே? அதுக்குக் கூடவா குத்தம் கண்டுபிடிக்கணும்? பொண்ணு வாயைத் திறக்கணும். எனக்கு அது போதும்."

"அதுக்குத்தான் சொல்றேன். நம்ம ரெண்டு பேரும் ஊருக்கெல்லாம் ஷூ பண்றோம். பொண்ணுக்கு ஒரு பை பண்ண மாட்டோமா? எல்லாம் வீட்டுலயே பண்ணிடலாம் ஃபீபி."

வரும் வழியில் ஆம்பூரில் அஹமது பாஷாவின் கடையில் வண்டி நின்றது. தோல் பதனிடும் ஷாப்புகளில் மிஞ்சும் துண்டுகளைக் கிலோ கணக்கில் விற்கிற கடை அது. மூட்டை மூட்டையாக எல்லா நிறத்திலும் துண்டுத்தோல் கிடந்தது.

"இன்னா ரெனால்ட், சொந்தமா கம்பெனி போடறியா?" என்றார் பாஷா.

"கம்பெனி இல்ல பாய், ஸ்கூல். மெல்லிசா, பெருசா இருக்கற துண்டா பாத்துக் குடுங்க."

"ஸ்கூல்ல தோலை உரிப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். தோலை வாங்கிட்டுப் போறவனை இப்பதான்பா பாக்கறேன்!" என்று சிரித்தவர், விஷயத்தைக் கேட்டதும் தானே மூட்டைக்குள் கையை விட்டுச் சிவப்பிலும் தேன் நிறத்திலும் நல்ல துண்டுகளாகப் பொறுக்கினார். எடை போட்ட பிறகு தங்க நிறத்தில் ஒரு துண்டை மேலே வைத்தார். "இது பாப்பாவுக்கு. ஸ்டார் வெட்டிக் குடு."

மறுநாள் ஞாயிறு. கோயில் ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, கெசியாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலை ஆரம்பமானது. ஃபீபி ஒரு பிளைவுட் பலகையை உப்புத்தாளால் தேய்த்துக் கறுப்புப் பெயிண்ட் அடித்து மொட்டை மாடியில் காய வைத்தாள். மரத்துண்டில் கம்பளித் துணியைச் சுற்றி டஸ்டர் செய்தாள். பழைய கூலிங் கிளாஸில் இருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறும் ஃப்ரேமை எடுத்து வைத்தாள். மிஸ் என்றால் மூக்குக் கண்ணாடி வேண்டுமே! போன கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கிய பித்தளை மணி பரணில் கிடைத்தது. சாக்பீஸுக்கு ஒரு டப்பா.

"பிரம்பு?" என்றான் ரெனால்ட்.

"எதுக்கு?"

"பிரம்பு இல்லாம இன்னா ஸ்கூல்? நான் படிக்கும்போது..."

"நீங்க படிச்ச லட்சணம் எனக்குத் தெரியும். கத்தியைப் பாத்து வெட்டுங்க."

அவன் அட்டையில் பையின் அளவை வரைந்து வெட்டி வைத்திருந்தான். ஷூ கம்பெனிக்காரன் வரைந்த பை நேராக இருக்குமா? மூடி ஒரு பக்கமாகச் சரிந்து, ஷூவின் பக்கவாட்டுப் பாகம் மாதிரி வளைந்து இறங்கியது. வலது ஓரத்தில் சாக்பீஸ் வைக்க ஒரு பாக்கெட். அட்டையைத் தோல்மேல் வைத்துக் கத்தியால் ஒரு சுற்று. துண்டு கையோடு வந்தது. ரேடியோவில் பாட்டு ஓடியது. அவனும் பாடிக்கொண்டே வெட்டினான். வெட்டி முடித்த அடுக்கைத் தையல் மெஷின் பக்கம் தள்ளிவிட்டு டீ போடப் போனான்.

ஃபீபி ஊசியைத் தடிமனாக மாற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். லைனில் தைக்கிற கைக்கு ஒரு வழக்கம் உண்டு. வந்த அடுக்கில் எத்தனை இருக்கிறது என்று எண்ணுவதில்லை. முதலில் பாக்கெட் எல்லாம், அப்புறம் மூடி எல்லாம், அப்புறம் வார் எல்லாம் என்று தைத்துத் தள்ளிக்கொண்டே போகும். மனம் வேறெங்கோ இருக்கும். அவள் மனம் ப்ரீ-கேஜி வகுப்பின் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

கடைசித் தையல் போட்டு, நூலை வெட்டி, உள்ளும் புறமுமாகத் திருப்பித் தரையில் வைத்தபோதுதான் கண்ணில் பட்டது. இரண்டு பைகள். ஒன்றின் மூடி வலது பக்கம் சரிந்தது. மற்றது இடது பக்கம். ஒன்றுக்கு வலதில் பாக்கெட், மற்றதற்கு இடதில். வாசலில் கழற்றிவிட்ட புது ஷூ மாதிரி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"ஏங்க! இங்க வாங்க! நம்ம பொண்ணுக்கு இன்னா, ரெண்டு முதுகா?"

டீ டம்ளரோடு வந்த ரெனால்ட் பையைப் பார்த்தான். அட்டையைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். "அடச்சே! வெட்டினதும் அட்டையைத் திருப்பிப் போட்டு இன்னொண்ணு வெட்டியிருக்கேன் ஃபீபி. எல்லாத்தையும்! ஒன்பது வருஷமா வலது வெட்டினா இடது வெட்டிக்கிட்டே இருக்கேன். ஒத்தையா வெட்டச் சொன்னா கை எங்க கேக்குது?"

"கை கேக்கலைன்னா கண்ணு எங்க போச்சு?"

"தைச்சவங்க கண்ணு எங்க போச்சாம்?"

இருவரும் சுவரில் சாய்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். தங்கத் தோலில் வெட்டிய ஸ்டார் பேட்ஜ் இரண்டு, சாக்பீஸ் டப்பாவுக்கு உறை இரண்டு என்று எல்லாமே ஜோடி ஜோடியாக வந்திருந்தது. பலகை, மணி, டஸ்டர், கண்ணாடி மட்டும்தான் ஒற்றை. தோலில் செய்யாததால் அவை தப்பித்தன.

"ஒண்ணை வஜீதாவுக்குக் குடுத்துடலாம்" என்றாள் ஃபீபி. "ஒரு பையை வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் இழுத்தாங்கன்னா வார் அறுந்துடும். தைக்கறது நான்தானே?"

சாயங்காலம் கெசியாவைக் கூட்டிவந்து சாமான்களைக் காட்டியதும் வீடு இரண்டானது. "ஐ, மணி! ம்மா, இது என் பையா? எனக்கே எனக்கா? கண்ணாடியில ஓட்டை இருக்கும்மா! ஓட்டையிலதான் பாக்கணுமா? ப்பா, நீங்கதான் பசங்க! அம்மாவும் பசங்க! பாய்ல உக்காருங்க! காலை மடக்குங்க! கரடியும் பசங்கதான்!" பையை மாட்டினாள், பேட்ஜைக் குத்திக்கொண்டாள், கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்தாள். பலகைக்குப் பக்கத்தில் நின்றாள். மணியை எடுத்து ஆட்டினாள்.

அத்தோடு சரி. சுவிட்சை அணைத்த மாதிரி அவள் வாய் மூடிக்கொண்டது.

ஒரு சத்தமும் இல்லாமல் பலகையில் 'ஏ' எழுதினாள். ஸ்கேலால் அதைத் தொட்டுக் காட்டினாள். "ஏ!" என்றான் ரெனால்ட், பலமாக. மிஸ் அவனை முறைத்தாள். ஆள்காட்டி விரலை உதட்டின்மேல் வைத்துக் காட்டினாள். ரெனால்டும் வைத்துக்கொண்டான். ஃபீபியும் வைத்துக்கொண்டாள். கரடிக்கு விரல் இல்லாததால் அதன் மூக்கைத் திருப்பி வைத்தாள். பிறகு 'பி'. பிறகு 'சி'. வீட்டில் சாக்பீஸின் சத்தம் மட்டும் கேட்டது.

ஃபீபி விரலை எடுக்காமலே ரெனால்டைப் பார்த்தாள். பெண்ணைப் பேச வைக்கப் போய், பேசாத பள்ளிக்கூடத்தை வீட்டுக்குள்ளேயே கட்டிவிட்டோமா? இதே முகத்தோடுதான் பாரதி மிஸ் முன்னாலும் நிற்பாளோ?

அப்போது முனவ்வர் பேகம் வஜீதாவோடு வந்தாள். "இன்னா ஃபீபி, உன் வீட்டுல சத்தமே காணோம். எனக்கு பயமாப் போய்டுச்சி. குழந்தைக்கு ஜுரமான்னு பாக்க வந்தேன்."

உதட்டில் விரலோடு ஃபீபி தலையை மட்டும் ஆட்டினாள். வஜீதா பாயில் உட்கார்ந்து ஒரு நிமிஷம் பார்த்தாள். அவளால் அதற்கு மேல் முடியவில்லை.

"மிஸ், ஏன் பேசக் கூடாது?"

கெசியா விரலைக் காட்டினாள்.

"ஏன் மிஸ்? சொல்லு மிஸ். சொல்லலைன்னா நான் போய்டுவேன்."

கெசியா அவசரமாக மணியை எடுத்து ஒரு தரம் அடித்தாள். பேச அனுமதி கிடைத்தது போலிருக்கிறது. "உனக்கு ஒண்ணுமே தெரியல வஜீ. பெல் அடிச்சா பேசக் கூடாது. திரும்ப பெல் அடிக்கற வரைக்கும் வேலையை மட்டும் பாக்கணும். பேசினா சூப்பர்வைசர் வந்து வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. எங்கம்மா சொன்னாங்க." சொல்லி முடித்து, மறுபடி மணி அடித்து, வாயை மூடிக்கொண்டாள்.

ரெனால்ட் மெதுவாக ஃபீபி பக்கம் திரும்பினான்.

ஃபீபிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஜூன் மாதம், முதல் நாள், சடை பின்னும்போது அவசர அவசரமாகச் சொன்ன புத்திமதி. அவளுக்குத் தெரிந்த ஒரே மணி கம்பெனி மணி. அவள் வேலைக்குச் சேர்ந்தபோது மூத்த பெண்கள் அவளுக்குச் சொன்னதைத்தான், ஒரு எழுத்து மாறாமல், அவள் பெண்ணுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். நல்ல பிள்ளை என்று பேர் வாங்க வேறு வழி அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பாவம் அந்தக் குழந்தை, அப்பழுக்கில்லாமல் அதைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறது.

"கெசியா, அது கம்பெனிக்குடி கண்ணு. ஸ்கூல்ல..."

மிஸ் ஸ்கேலைப் பலகையில் தட்டினாள். விரல் உதட்டுக்குப் போனது. பாயில் உட்கார்ந்திருக்கிற மாணவி சொல்வதை எந்த மிஸ் கேட்பாள்?

"இந்த ஸ்கூல் பேஜாரு" என்று எழுந்துவிட்டாள் வஜீதா. "நான் வேற ஸ்கூல் வைக்கறேன்."

ஃபீபி சட்டென்று அலமாரி மேலிருந்து இரண்டாவது பையை எடுத்து அவளிடம் நீட்டினாள். "இந்தா, இது உனக்குத்தான். உன் ஸ்கூலுக்கு."

வஜீதாவுக்குக் கண் விரிந்தது. பையை மாட்டிக்கொண்டு எதிர்ச் சுவருக்குப் போனாள். அவளுக்குப் பலகை இல்லை. இரும்பு பீரோவின் கதவு இருந்தது. மணி இல்லை, சாப்பாட்டுத் தட்டும் கரண்டியும் இருந்தன. டமடமவென்று அடித்த அடியில் முனவ்வர் பேகம் காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஆவோ, ஆவோ! வாங்க, வாங்க! என் ஸ்கூல்ல எல்லாரும் ஜோரா கத்தணும்! கத்தாதவங்க வெளிய போய் நிக்கணும்! சொல்லு, அலிஃப்!"

"அலிஃப்!" என்று உருதுவின் முதல் எழுத்தைச் சொல்லி, முனவ்வர் பேகம் சொந்த மகளுக்கே மாணவியானாள்.

ரெனால்ட் உதட்டில் விரலோடு அங்கே பார்த்தான், இங்கே பார்த்தான். பிறகு எழுந்து, கெசியாவின் முன்னால் கைகட்டி நின்றான். "மிஸ், எனக்கு டி.சி. குடுத்துடுங்க மிஸ். நான் அந்த ஸ்கூலுக்குப் போறேன். இங்க பேசாம உக்காந்து வாய் நாறுது மிஸ்."

கெசியா கண்ணாடி ஓட்டை வழியாக அவனையே பார்த்தாள். அவன் போய் பீரோ முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து "அலிஃப்! பே!" என்று தொண்டை கிழியக் கத்தினான். "ஏய், தப்பா சொல்றே நீ! இன்னும் ஜோரா!" என்று வஜீதா அதட்ட, தெருவே கேட்கும்படி மறுபடி கத்தினான். ஃபீபிக்குப் பெண்ணை விட்டுப் போக மனசு வரவில்லை. ஆனாலும் பாயைச் சுருட்டாத குறையாக அவளும் மெல்ல எழுந்துபோய்க் கணவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கெசியாவின் பள்ளியில் கரடி மட்டும் மிஞ்சியது. அவள் மணியை ஆட்டினாள். யாரும் வரவில்லை. இரண்டு கையாலும் ஆட்டினாள். தட்டுச் சத்தத்தில் அது அமுங்கிப் போனது. வஜீதா பாடத்தை நிறுத்தி, கரடியைப் பார்த்து, "ஏ கரடி, நீயும் வர்றியா? இங்க கத்தலாம்" என்றாள்.

கெசியா பாய்ந்துபோய்க் கரடியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். உதடு துடித்தது. மூக்கிலிருந்து கண்ணாடி நழுவி விழுந்தது. ஃபீபி எழுந்து அவளிடம் ஓடப் பார்த்தாள். ரெனால்ட் அவள் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"என் ஸ்கூல்லயும் கத்தலாம்!" என்று அலறினாள் கெசியா.

ஃபீபி தலையை மட்டும் திருப்பிக் கேட்டாள்: "பெல் அடிச்சப்புறமா மிஸ்?"

"பெல் அடிச்சாதான் கத்தணும்!"

"சூப்பர்வைசர் வந்தா?"

கெசியா யோசித்தாள். கரடியின் காதை முறுக்கிக்கொண்டே வெகுநேரம் யோசித்தாள். "ஸ்கூல்ல சூப்பர்வைசர் ஏதும்மா? மிஸ்தான் இருக்காங்க. வாங்க எல்லாரும்! ஏ ஃபார்?"

"ஆப்பிள்!" முனவ்வர் பேகம்கூடக் கத்தினாள்.

அன்று இரவு தலை வாரும்போது ஃபீபி பெண்ணிடம் சொன்னாள்: "பாரதி மிஸ் கிளாஸ்லயும் அப்படித்தான் கண்ணு. அம்மா எங்க கம்பெனி கதையைத் தெரியாம உனக்குச் சொல்லிட்டேன். மிஸ் கேட்டா வாயைத் திறந்து சொல்லணும்." கெசியா "ம்" என்றாள். அந்த "ம்" எந்த "ம்" என்று தாய்க்குத் தெரியவில்லை.

லீவு முழுக்க இரண்டு பள்ளிகளும் போட்டி போட்டு நடந்தன. ஒரு நாள் கெசியா பள்ளியில் தங்க ஸ்டார் கொடுப்பதாகச் சொல்லிக் கூட்டம் சேர்த்தார்கள். மறுநாள் வஜீதா பள்ளியில் மதியச் சாப்பாடு அறிவித்துக் கூட்டத்தைக் கலைத்தார்கள். கெசியா அலிஃப், பே கற்றுக்கொண்டாள். வஜீதா ஏ ஃபார் ஆப்பிளையும் பி ஃபார் பாலையும் கற்றுக்கொண்டாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் இதெல்லாம் வீட்டு வீரம். பாரதி மிஸ் மேஜை முன்னால் போய் நின்றால்தானே தெரியும்?

ஓரல் டெஸ்ட் அன்று ஃபீபி கம்பெனியில் மதியம்வரை பர்மிஷன் போட்டாள். பெண்ணை உள்ளே விட்டுவிட்டு, வேப்பமரத்தடியில் நின்றவள் நின்றவள்தான். உள்ளே மணி அடித்தது. ஃபீபி தன்னை அறியாமல் வாயை இறுக மூடிக்கொண்டாள். அப்புறம் அது நினைவுக்கு வந்து, தனியாகச் சிரித்துக்கொண்டாள். வாட்ச்மேன் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பன்னிரண்டு மணிக்குக் கேட் திறந்தது. பிள்ளைகள் கூட்டத்தில் ரெட்டை சடை வந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஃபீபி ஓடிப்போய்க் குனிந்தாள். "மிஸ் கூப்பிட்டாங்களா? பேரைக் கேட்டாங்களா? நீ இன்னா சொன்னே?"

கெசியா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

ஃபீபிக்கு உலகமே நின்றது. குழந்தை தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றாள். இந்தத் தடவை, கிழிந்த பறை மாதிரி ஒரு குரல் வந்தது.

"தண்ணி குடும்மா. தொண்டை வலிக்குது."

பின்னாலேயே பாரதி மிஸ் வந்தாள். "இன்னாங்க, பிள்ளைக்கு லீவுல இன்னா குடுத்தீங்க? பேரைக் கேட்டேன். அப்பா பேரு, அம்மா பேரு, தெரு பேரு எல்லாம் சொன்னா. ஏ-யிலிருந்து இசட் வரைக்கும் கத்தினா. நிறுத்தச் சொன்னா, இன்னொண்ணும் தெரியும் மிஸ்னு உருதுல ஆரம்பிச்சா! பக்கத்து கிளாஸ் மிஸ்ஸெல்லாம் எழுந்து வந்துட்டாங்க. ஹெட்மிஸ்ட்ரஸ் வாசல்ல நின்னு கேட்டாங்க."

"அப்ப ப்ரீ-கேஜி..."

"அங்க போனா அந்தப் பிள்ளைங்க பயந்துடும்ங்க!"

ஃபீபி தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். கெசியா மடக் மடக்கென்று பாதியைக் குடித்தாள். குடித்து முடித்ததும் அந்தக் கிழிந்த குரலிலேயே, கேட் கம்பி எவ்வளவு சூடு, வகுப்பில் யார் அழுதது, மிஸ் எப்படி மூக்கைத் துடைத்தாள் என்று ஆரம்பித்தாள்.

"தொண்டை வலிக்குதுன்னு சொன்னியே, கொஞ்சம் சும்மா வாடி."

"முடியாதும்மா" என்றாள் கெசியா. "இன்னும் இருக்கு."

ஃபீபி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பஸ் நிறுத்தம்வரை அந்தக் கரகரத்த குரல் நிற்கவே இல்லை. பர்மிஷன் நேரம் முடிந்துகொண்டிருந்தது. ஃபீபி வந்த பஸ்ஸை விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு நின்று, மீதிக் கதையையும் கேட்டாள்.